ஒப்பிப்பதும் சொல்வதும்

(நமது சங்கத்தின் செம்பூர் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நாம் நடத்தும் தமிழ்க் கவிதை ஒப்புவித்தல் போட்டியைப் பற்றி இருபது நிமிஷம் பேசும்படி உத்தரவு. அடுத்த வருஷம் இதை எப்படி நடத்துவது, யாருக்காக நடத்துவது என்பதில் கமிட்டியில் இரண்டு கட்சி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஒரு கட்சிக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுவதுதான் மரியாதை. எனக்குத் தமிழில் பட்டம் எதுவும் கிடையாது. பாங்க்கில் கணக்குப் பார்த்தவன். ஆனால் இந்த ஊரில் சபைகளும் பள்ளிகளும் நடத்திய இப்படிப்பட்ட போட்டிகளில் பல வருஷம் நடுவராக உட்கார்ந்து, மணி அடித்து, மார்க் போட்டிருக்கிறேன்.

ஞாபக சக்தி நம்மவர்களுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை முன்னால் நின்று முறை சொன்ன பரம்பரை நாம். 1907ஆம் வருஷம் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலர், நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடிக்காரர். ஒரே சமயத்தில் நூறு காரியங்களில் கவனம் வைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, நடுநடுவே வெண்பாவும் பாடியவர். தமிழ்நாட்டு அரசு 1330 குறளையும் சொல்லும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10,000 ரூபாய் கொடுத்து வந்து, பிறகு அதை 15,000 ஆக உயர்த்தியது. மஹாராஷ்டிரத்தில் ஸமர்த்த ராமதாஸரின் மனாசே ஸ்லோகம் 205ஐயும் கடகடவென்று சொல்லும் மராத்திக் குழந்தைகளை நம் கட்டடங்களிலேயே பார்க்கிறோம். சின்மயா மிஷன் நடத்தும் கீதைப் போட்டிகளில் நம் குழந்தைகள் குஜராத்திக் குழந்தைகளோடு சேர்ந்து நின்று அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்கிறார்கள். ஆகவே பாடம் ஆகுமா என்பது கேள்வியே இல்லை. ஆகும். ஆன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் விஷயம்.

நம் வீட்டுக் குழந்தை மேடைக்கு வருகிறது. கை கூப்புகிறது. பிறகு பாரதியார் பாட்டை ஸ்லோகம் சொல்வதுபோலச் சொல்கிறது. ஒரே சுருதி, ஒரே வேகம். அடி முடிந்த இடத்தில் மூச்சு. கருத்து அடுத்த அடிக்கு ஓடினாலும் சரி, பாதியில் நின்றாலும் சரி, மூச்சு அங்கேதான். இதில் குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாராயணம் என்பதற்கு அதற்கே உரிய நியாயம் இருக்கிறது. அங்கே சப்தம் முதலில், அர்த்தம் அப்புறம். ஸ்வரம் பிசகக்கூடாது, அக்ஷரம் நழுவக்கூடாது. அந்தப் பயிற்சியில் தேறிய நாக்கு தமிழ்க் கவிதைக்கு வரும்போதும் அதே காரியத்தைச் செய்கிறது. ஆனால் கவிதையில் ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிறார். கோபித்துக்கொள்கிறார், கெஞ்சுகிறார், சில சமயம் பரிகாசம் செய்கிறார். அது தெரியாமல் சொன்னால் டெலிபோன் டைரக்டரியைப் படித்த மாதிரிதான்.

இதற்கு நேர் எதிரான வியாதியும் உண்டு. அது மாறுவேஷப் போட்டியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. முண்டாசு கட்டி, கறுப்புக் கோட்டுப் போட்டு, மீசை ஒட்டிக்கொண்டு குட்டி பாரதிகள் மேடைக்கு வருவார்கள். மீசை வியர்வையில் கழன்று தொங்கும். கூட்டம் சிரிக்கும். குழந்தைக்கு வரி மறந்துபோகும். அம்மா ஓரத்திலிருந்து வாயசைப்பாள். வானத்தைக் காட்டு, நெஞ்சைத் தொடு, முஷ்டியை ஓங்கு என்று வார்த்தைக்கு ஒரு அபிநயம். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற, மீசை அரும்புகிற வயசுப் பையனுக்கு இதில் வெட்கம் வராமல் என்ன செய்யும்? அவன் அடுத்த வருஷம் பெயரே கொடுப்பதில்லை.

பாட்டாகப் பாடுவதா, வசனமாகச் சொல்வதா என்பதும் பழைய வழக்கு. உ.வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளை முதலில் நைடதத்திலிருந்து ஒரு பாட்டைத்தான் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஐயருக்குக் குடும்ப வித்தையே சங்கீதம். மாயூரத்தில் இருந்தபோது கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே சிறிது காலம் பாட்டுக் கற்றுக்கொண்டார். ஆனால் பிள்ளைக்குச் சங்கீதத்தில் பிரியமில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். 'என் சரித்திர'த்தில் அவரே எழுதியிருக்கிறார். செய்யுள் படிக்கும்போது ராகத்தில் மனசு போனால் சொல்லில் மனசு நிற்காது என்பது ஒரு கட்சி. நான் பிள்ளையவர்கள் கட்சி என்று சொன்னால், ஷண்முகானந்தாவில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அடிக்க வருவார்கள். பாடட்டும், அதற்குத் தனியாகப் பாட்டுப் போட்டி இருக்கிறது.

வேத அத்யயனத்தில் ஒரு நல்ல உபாயம் இருக்கிறது, அதை இங்கே கடன் வாங்கலாம் என்பது என் யோசனை. ஸம்ஹிதையாகச் சேர்த்துச் சொல்வதற்கு உதவியாகப் பத பாடம் என்று பதம் பதமாகப் பிரித்துச் சொல்கிறார்கள். பிறகு க்ரமம். முதல் பதமும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும் என்று சங்கிலி கோப்பார்கள். நம் குழந்தைகளுக்கு நாம் கொடுக்கும் கவிதை அச்சில் எப்படி இருக்கிறது? சந்தி சேர்ந்து, சீர் பிரித்து. குறளில் முதல் அடிக்கு நாலு சீர், இரண்டாவதற்கு மூன்று. சீர் பிரிவது ஓசைக்காக, பதம் பிரிவது அர்த்தத்துக்காக. இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று சட்டம் இல்லை. பாதி வார்த்தை ஒரு சீரிலும் மீதி அடுத்த சீரிலும் கிடக்கும். வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் படித்திராத மும்பைக் குழந்தை அதை அப்படியே விழுங்கிவிடுகிறது. முதலில் பதம் பிரித்து எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு பதத்துக்கும் அர்த்தம் சொல்லுங்கள். பிறகு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கூடுதலாக ஆகும். ஆனால் நடு மேடையில் ஒரு வரி மறந்தாலும் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

எழுத்து விஷயம் இன்னும் சங்கடமானது. சென்ற முறை பெயர் கொடுத்தவர்களில் தமிழைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் கையில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய காகிதம். 'ழ'வுக்கு இஸட் எச் போட்டிருப்பதால் 'அழகு' என்பது 'அஜகு' என்று வருகிறது. 'க'வும் 'ங்க'வுக்குள் இருக்கும் 'க'வும் ஒன்றா வேறா என்று குழப்பம். தேவநாகரியில் எழுதிக்கொண்டால் பாதிக் கஷ்டம் குறைகிறது. மராத்தியில் 'ள' இருக்கிறது. டிளக் என்றுதான் திலகரை மராத்தியர்கள் சொல்கிறார்கள். அதனால் இந்த ஊர்க் குழந்தைக்கு 'ள' தண்ணீர் பட்ட பாடு. 'ழ' மட்டும் இல்லை. நம்மில் பாலக்காட்டு வழி வந்த குடும்பங்களுக்கு மலையாளத்தின் தயவால் 'ழ' சுத்தமாக வரும். வேறு சில வார்த்தைகள் நழுவி மலையாளக் கரையில் ஏறும், அது வேறு கதை!

இப்போது தாராவிக்கு வருகிறேன். கமிட்டியில் கட்சி பிரிந்தது இங்கேதான்.

மத்திய ரயில்வே தண்டவாளத்துக்குக் கிழக்கே மாதுங்கா, மேற்கே தாராவி. 1896இல் இந்த ஊரில் பிளேக் வந்தது. 1898இல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் ஏற்பட்டு, அவர்கள் போட்ட தாதர்-மாதுங்கா திட்டத்தில் உண்டான தெருக்களில்தான் நம் தாத்தாக்கள் குமாஸ்தாக்களாகவும் டைப்பிஸ்டுகளாகவும் வந்து குடியேறினார்கள். 1932இல் சவுத் இண்டியன் எஜுகேஷன் சொஸைட்டி மாதுங்காவில் பிறந்தது. அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே, தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஜனங்கள் தாராவிக்கு வந்துவிட்டார்கள். மும்பைத் தமிழ் என்று பார்த்தால் அவர்கள் நமக்கு இளையவர்கள் இல்லை. பொங்கலன்று 90 அடி ரோடில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பானை வைப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்தி வந்திருக்கிறது, அதில் தமிழும் ஒன்று. தாராவிப் பிள்ளைகளில் பலர் அந்தத் தமிழ்ப் பள்ளிகளில் எழுத்துக் கற்றவர்கள். மேல் வகுப்புக்குப் போகும்போது பலர் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறிவிடுகிறார்கள். கற்ற தமிழை அதற்குப் பிறகு எடுத்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நடந்த போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சொல்ல ஆரம்பித்ததும் 'தமிள்' என்றாள். என் பக்கத்தில் இருந்த நடுவர் பென்சிலை எடுத்து அரை மார்க் கழித்தார். அடுத்த 'ழ'வுக்கு இன்னொரு அரை. அவள் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டுமோ அங்கே தாழ்த்தினாள். கடைசி இரண்டு வரியை வேறு யாரோ சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அது புதிதாகப் பட்டது. "அந்த இடத்தில் ஏன் அம்மா குரலை மாற்றினாய்?" என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் அம்மா பேசுதா சார். கடைசி ரெண்டு வரி அம்மா சொல்லல. பார்த்துக்கிட்டு நிக்கிறவங்க யாரோ சொல்லுதாங்க."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. அந்தப் பாட்டை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்தக் கோணம் எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் எங்கள் கையில் இருந்த மதிப்பெண் தாளில் உச்சரிப்பு, ஞாபகம், பாவம், மேடைத் தோற்றம் என்று நாலு கட்டம்தான் இருந்தது. அவள் செய்ததற்குக் கட்டமே இல்லை. மூன்று பரிசும் மற்றவர்களுக்குப் போயின. அவளுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா.

'ழ' வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கற்றுக் கொடுக்க வேண்டும், பத்து நாளில் வரும். தென் மாவட்டங்களில் 'ழ' பேச்சில் 'ள'வோடு கலந்துவிட்டது, சென்னையில் பல இடங்களில் 'ய' ஆகிவிட்டது. நாம் ஆத்தில் பேசுகிற தமிழை அப்படியே மேடையில் பேசினால் அதற்கும் மார்க் குறையும்தானே? இன்னொன்றும் யோசிக்க வேண்டும். நாம் யாருடைய பாட்டுக்குப் போட்டி வைக்கிறோம்? எட்டயபுரத்துக்காரர் பாட்டுக்கு. திருநெல்வேலி ஹிந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர் பாட்டுக்கு. தாராவிப் பெண்ணின் தாத்தா வந்த சீமையும் அதுதான். அவள் நாக்கில் இருப்பது பாரதிக்கு அந்நியமான தமிழ் என்று சொல்ல நமக்குத் தைரியம் வரக்கூடாது.

"அங்கத்தினர் சந்தாவில் நடக்கிற போட்டி, வெளியாருக்கு எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டும். 1907இல் ஜி.ஏ. நடேசன், பாரதியை வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் அழைத்துப் போனார். ஐயர் மிதவாதி, பாரதி தீவிரவாதி. அரசியலில் கீரியும் பாம்பும். பாரதி பாடிக் காட்டினார். கேட்ட ஐயர் அந்தப் பாடல்களைத் தம் செலவில் 15,000 பிரதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று அவர் ஜாப்தா போட்டிருந்தால் அந்தப் பாட்டுகள் மயிலாப்பூரைத் தாண்டியிருக்காது.

இரண்டாவது பதில் கொஞ்சம் சுயநலமானது. நமக்குள்ளேயே நடத்துவதால் போட்டியே இல்லாமல் போய்விட்டது. வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் ஒரு பரிசு. யாரும் தோற்பதில்லை, ஆகவே யாரும் பயிற்சி செய்வதில்லை. தமிழ் எழுத்துத் தெரிந்து, பாட்டின் அர்த்தம் தெரிந்து சொல்கிற ஒரு பெண் பக்கத்தில் நின்றால் நம் பையன்களுக்கு ரோஷம் வரும். "அப்புறம் நம் குழந்தைகளுக்குப் பரிசே வராதே" என்று ஒரு மாமி கவலைப்பட்டார். முதல் ஒன்றிரண்டு வருஷம் வராமல் போகலாம், மாமி. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் 2005-06இல் 'பொயட்ரி அவுட் லவுட்' என்று ஒரு போட்டி தொடங்கினார்கள். 9 முதல் 12 வரை படிக்கும் மாணவர்களுக்கு. அரசாங்கக் கலை நிதியமும் ஒரு கவிதை அறக்கட்டளையும் சேர்ந்து ஆரம்பித்தது. அப்போது அந்த நிதியத்துக்குத் தலைவராக இருந்த டேனா ஜோயா ஒரு கவிஞர், அதற்கு முன் உணவுப் பொருள் கம்பெனியில் அதிகாரி. பள்ளிக்கூடத்தில் ஜெயித்து, மாகாணத்தில் ஜெயித்து, வாஷிங்டனில் முதலாவதாக வந்தால் 20,000 டாலர். பணத்தை விடுங்கள். அவர்கள் வகுத்த விதிகள்தான் எனக்குப் பிடித்தன. வேஷம் கூடாது, கையில் பொருள் எதுவும் கூடாது. வார்த்தை பிசகாமல் சொல்கிறார்களா என்று பார்க்கத் தனியாக ஒருவர். அபிநயம் அளவோடு இருக்கிறதா என்பதற்கு ஒரு கட்டம். கவிதை புரிந்து சொல்கிறார்களா என்பதற்கு ஒரு கட்டம். ஆம், அந்தத் தாராவிப் பெண்ணுக்கு இல்லாமல் போன கட்டம் அங்கே இருக்கிறது. இங்கிலாந்திலும் 2012-13 முதல் 'பொயட்ரி பை ஹார்ட்' என்று இதே மாதிரி ஒன்று ஆரம்பித்தார்கள்.

ஆகவே நான் கமிட்டி முன் வைப்பது இவ்வளவுதான். மாதுங்கா, செம்பூர்ப் பள்ளிகளோடு தாராவி, சீத்தா கேம்ப் பள்ளிகளுக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும். வேஷம் கிடையாது, பள்ளிச் சீருடை போதும். சொல்லி முடித்த பிறகு நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார், பதிலைத் தன் பேச்சுத் தமிழில் சொல்லலாம், அதற்கு மார்க் உண்டு. வீட்டில் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுதிவைத்துப் படிக்கட்டும். ஆனால் இறுதிச் சுற்றில் நாலு வரி தமிழ் எழுத்தைப் பார்த்துப் படித்துக் காட்ட வேண்டும். 247 எழுத்து என்று பயமுறுத்துகிறோம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, கொம்பும் காலும் விசிறியும் பழகிவிட்டால் மீதியெல்லாம் தானே வரும். ஆறு மாத சனிக்கிழமை போதும்.

கவிதைகள் பட்டியலையும் மாற்ற வேண்டும். வருஷா வருஷம் பாரதியின் அதே நாலு பாட்டு. நடுவர்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது! கவிமணியின் ஆசிய ஜோதியிலிருந்து ஒரு பகுதி, நாமக்கல் கவிஞர், புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்று பதம் பிரித்து. பாரதிதாசனையும் சேர்க்கச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அவர் நம்மைப் பற்றி எழுதியதெல்லாம் எனக்கும் தெரியும். புதுச்சேரியில் பாரதியோடு பழகி, அவர் பெயருக்கே தாசன் என்று தன்னை வைத்துக்கொண்டவர் அவர். நல்ல கவிதையைக் குழந்தைகள் நம் கோபத்துக்காக இழக்க வேண்டாம்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. பாரதி பிறந்தநாள் டிசம்பர் 11 என்பதால் எல்லோரும் டிசம்பரில் வைக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பிரிலிம்ஸுக்கு முந்தின காலம், பிறகு எஸ்.எஸ்.ஸி. கோச்சிங் கிளாஸ்காரர்கள் விடமாட்டார்கள். கணபதி விசர்ஜனம் ஆனதும் வருகிற இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என் சிபாரிசு. மழையும் குறைந்திருக்கும்.

இதைத் தள்ளிப் போடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. தாராவி மறுசீரமைப்புக்கு 2022இல் டெண்டர் முடிந்தது, 2024இல் வீட்டுக்கு வீடு கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். யார் அங்கேயே இருப்பார்கள், யார் எங்கே போவார்கள் என்று அங்குள்ள குடும்பங்களே கவலையில் இருக்கின்றன. இன்று ஒரே தெருவில் கிடைக்கிற பிள்ளைகளை நாளைக்கு நாலு மூலையில் தேட வேண்டியிருக்கலாம்.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஆள் வேண்டும். எழுத்துச் சொல்லிக் கொடுக்க மாதுங்காவில் இருவர், செம்பூரில் இருவர். அங்கே குழந்தைகள் நம்மவர்கள். தாராவியில் எழுத்துச் சொல்லித் தர வேண்டாம், அவர்களுக்குத் தெரியும். பாட்டைப் பதம் பிரித்து அர்த்தம் சொல்ல இருவர் போதும். சயான் ஸ்டேஷனில் இறங்கினால் 90 அடி ரோடுக்கு நடக்கிற தூரம்தான். ரிடையர் ஆன மாமிகள் வந்தால் இன்னும் சிலாக்கியம், பெண் குழந்தைகள் கூச்சமில்லாமல் கேள்வி கேட்பார்கள். டிபன் முடிந்ததும் வாசல் மேஜையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன், பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள்.